கரும்பொன் கோளில் எதற்குப் பஞ்சம்?

கேள்வி: அறிவியல் தொடர்கதை ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் இரண்டு அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கரும்பொன் என்று ஒரு கோள். பூமி அளவு, பூமியின் ஈர்ப்பு, தரையெங்கும் இரும்பும் நிக்கலும், பச்சை நிற அமில மழை. ஆயிரம் பேர் அங்கே குடியேறி, உலோகத்தை வெட்டிப் பூமிக்கு அனுப்பிப் பிழைக்கிறார்கள். வீடுகள்கூட இரும்பால் ஆனவை. அறிவியல்படி இது நிற்குமா? எதை மாற்ற வேண்டும்?

பதில்: கோள் நிற்கும். பிழைப்புதான் நிற்காது. உங்கள் கதையில் உலோகம் செல்வமாகவும், தண்ணீரும் விளைநிலமும் எப்படியோ கிடைத்துவிடுபவையாகவும் இருக்கின்றன. கரும்பொன்னில் எல்லாம் தலைகீழாக இருக்கும். காலடியில் கிடப்பதற்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். ஹைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும்தான் அடிபிடி நடக்கும். இந்த ஒன்றை மாற்றினால் உங்கள் கதை இன்னும் பல மடங்கு வலுப்பெறும் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஒரு கோளின் தரையில் உணரப்படும் ஈர்ப்பு, அதன் சராசரி அடர்த்தியையும் ஆரத்தையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. பூமியின் சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 5.51 கிராம். கரும்பொன்னில் உலோகம் அதிகம் என்பதால் 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கோள் பூமி அளவே இருந்தால் ஈர்ப்பு சுமார் 1.45 மடங்காகிவிடும், 60 கிலோ எடையுள்ளவர் 87 கிலோவைச் சுமப்பதுபோல் வாழ்நாள் முழுக்க நடமாட வேண்டும். பூமியின் ஈர்ப்புதான் வேண்டும் என்றால் கோளைச் சிறிதாக்குங்கள். ஆரம் 4,400 கி.மீ. போதும் (பூமிக்கு 6,371). அப்போது அதன் நிறை பூமியின் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சமதரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நான்கு கி.மீ.க்குள் வந்துவிடும், பூமியில் அது ஏறக்குறைய 4.7 கி.மீ. துரத்தல் காட்சி ஏதாவது வைத்திருந்தால் இந்த வித்தியாசம் உதவும்.

இத்தனை அடர்த்தியான கோள் இருக்க முடியுமா என்று யாராவது கேட்டால் தயங்காதீர்கள். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஜிஜே 367 பி என்ற கோளின் அடர்த்தி கன செ.மீ.க்கு 10 கிராம் அளவில் இருப்பதாக 2023-இல் கணித்தார்கள். தன் விண்மீனை அது எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை சுற்றிவிடுகிறது. அத்தனை நெருக்கத்தில் தரை உருகிக் கிடக்கும் என்பதால் குடியேற்றத்துக்கு ஆகாது. ஆனால் பெரும்பகுதி இரும்பாலான கோள் உருவாக இயற்கையில் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

அடுத்தது, தரையெங்கும் இரும்பு என்பது. பலரும் சறுக்கும் இடம் இது. உலோகம் நிறைந்த கோள் என்றால் உலோகம் மேலே கிடக்கும் என்று பொருளில்லை. கோள் உருவாகும்போது முழுவதும் உருகுகிறது. கனமான இரும்பு நடுவே இறங்கிவிடுகிறது. இறங்கும்போது தன்னில் கரையும் நிக்கல், கோபால்ட், தங்கம், பிளாட்டினம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. நம் சூரியக் குடும்பத்தில் உலோகப் பங்கு மிக அதிகமுள்ள கோள் புதன். அதன் ஆரம் 2,440 கி.மீ.; அதில் சுமார் 2,000 கி.மீ. வரை உலோக உள்ளகம்தான். ஆனால் 2011 முதல் 2015 வரை அதைச் சுற்றிவந்த மெசஞ்சர் விண்கலம் மேற்பரப்பை அளந்தபோது, அங்கே இரும்பு எடையில் 2 சதவீதம் அளவே இருந்தது. பூமியின் மேலோட்டில் அது சுமார் 5 சதவீதம்! உள்ளே மலைமலையாக இரும்பு இருந்தும் மேலே நம்மைவிட ஏழை.

சுரங்கத் தாதுக்கள் விஷயமும் இதே கதைதான். பூமியில் செம்பு, தங்கம், ஈயம் ஆகியவை ஓரிடத்தில் குவியப் பெரும்பாலும் வெந்நீர் காரணம். பாறைப் பிளவுகளில் ஓடி, கரைத்து, வேறிடத்தில் கொண்டுபோய்ப் படியவைத்தது அதுதான். நாம் வெட்டும் பெரிய இரும்புப் படிவங்கள் பல, ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் கரைந்திருந்த இரும்போடு ஆக்சிஜன் சேர்ந்து படிந்தவை. அந்த ஆக்சிஜனைத் தந்ததில் நுண்ணுயிர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நீரும் உயிரும் இல்லாத கோளில் அப்படிப்பட்ட தாது மலைகள் இருக்காது.

அப்படியானால் உங்கள் இரும்புச் சமவெளியைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். மேலோடு இறுகிய பிறகு, ஏற்கெனவே உள்ளகம் பிரிந்திருந்த ஒரு சிறுகோள் கரும்பொன் மீது சாய்வாக மோதியது என்று வையுங்கள். அந்தச் சிறுகோளின் உலோக உள்ளகம் சிதறி, பாறைக்கு மேல் துண்டு துண்டாக விழுந்தது. மேலோடு கெட்டியாகிவிட்டதால் அவை கீழே இறங்கவில்லை. இப்போது பல நூறு கி.மீ. அகலத்துக்கு இரும்பு–நிக்கல் திட்டுகள் கிடக்கும். இரும்பு விண்கற்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நிக்கல் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். கொஞ்சம் கோபால்ட், துளி பிளாட்டினம். நமீபியாவில் கிடக்கும் ஹோபா விண்கல் சுமார் 60 டன். 1920-இல் கண்டெடுக்கப்பட்டது, இன்றுவரை யாரும் அதை அங்கிருந்து நகர்த்தவில்லை. அதுபோல, அதைவிடப் பல மடங்கு பெரிய கட்டிகள் பாதி புதைந்து கிடக்கும் சமவெளியாகக் கற்பனை செய்யுங்கள்.

இனி அதை வெட்டுவது. பாறையைவிடக் கெட்டி உலோகத்தை வெட்டுவது பல மடங்கு கடினம். பாறைக்கு வெடி வைத்தால் பிளக்கும். உலோகத்துக்கு வைத்தால் நெளியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கீவினா தீபகற்பத்தில் 19-ஆம் நூற்றாண்டில் செம்பு தாதுவாக அல்லாமல் உலோகமாகவே கிடைத்தது, சில இடங்களில் நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒரே கட்டியாக. கேட்பவருக்கு அது புதையல். தொழிலாளிக்குப் பெரும் தலைவலி. சுற்றியிருந்த பாறையை வெடிவைத்து நீக்கிவிட்டு, கட்டியின் மேல் ஒருவர் நீண்ட உளியைப் பிடிக்க, இருவர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மெல்லிய செம்புச் சுருள் ஒன்று உரிந்து வரும். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு கட்டியைத் தூக்கும் அளவுக்குத் துண்டுபோட மாதக்கணக்கில் ஆனது. உங்கள் சுரங்கக் காட்சிக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது என்பேன்.

கரும்பொன் மக்களுக்கு ஒரு சலுகை உண்டு: குளிர். இரும்பு கடுங்குளிரில் நெளியும் தன்மையை இழந்து நொறுங்கத் தொடங்கும். கோளின் இரவை நீளமாக வைத்து, விடியலுக்கு முன் தரை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரியைத் தாண்டும்படி செய்தால், அந்தச் சில மணி நேரம்தான் வேலை நேரம். அப்போது ஓங்கி அடித்தால் விரிசல் விடும்; வெயில் ஏறினால் அதே கட்டி மறுபடி நெளிய ஆரம்பிக்கும். ஊரின் நாள் ஒழுங்கு முழுக்க இதைச் சுற்றி அமையட்டும். ஆனால் அவர்களுடைய எஃகுக் கருவிகளும் அதே குளிரில்தான் இருக்கின்றன. நிக்கல் கூடுதலாகச் சேர்த்து வார்த்தவை மட்டுமே தாங்கும். மலிவான சம்மட்டி ஒன்று தலை தெறித்து விண்ணுடையைக் கிழிப்பது நம்பத்தக்க விபத்து.

காற்றுக்கு வருவோம். மூச்சுவிடத் தக்க ஆக்சிஜன் காற்றும் துருப்பிடிக்காத இரும்புச் சமவெளியும் நீண்ட காலம் ஒன்றாக இருக்க முடியாது. ஈரம் சேர்ந்தால் இரும்பு ஆக்சிஜனைத் தின்றுவிடும். எனவே கரும்பொன்னுக்கு மெல்லிய கார்பன் டை ஆக்சைடு காற்று, கொஞ்சம் நைட்ரஜன். இது நல்ல தேர்வு, ஏனென்றால் கார்பனும் நைட்ரஜனும் காற்றிலிருந்தே கிடைத்துவிடும். கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் பிளந்து ஆக்சிஜன் எடுக்க முடியும் என்பதைச் செவ்வாயில் மாக்சி என்ற கருவி 2021–2023-இல் செய்தே காட்டியது. மொத்தம் 122 கிராம். மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜன் தேவை. அதை இந்த முறையில் எடுத்தால் கூடவே சுமார் 1.5 கிலோ கார்பன் மோனாக்சைடு வரும். ஆயிரம் பேருக்கு நாள்தோறும் ஒன்றரை டன் நச்சு வாயு.

அதை வெளியே விடுவார்களா? மாட்டார்கள், அதுவே அவர்களுடைய உலை. லுட்விக் மாண்டும் உடன் பணியாற்றியவர்களும் 1890-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது: நிக்கல் மீது கார்பன் மோனாக்சைடை 50, 60 டிகிரியில் செலுத்தினால் நிக்கல் வாயுவாகவே எழுந்துவிடும். அந்த நிக்கல் கார்போனைல் 43 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். அதை 200 டிகிரிக்கு மேல் சூடான அச்சின் மீது செலுத்தினால், தூய நிக்கல் அச்சின் மீது படலமாகப் படிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு திரும்பக் கிடைக்கும். சுத்தியல், வார்ப்பு எதுவும் இல்லாமல் பாத்திரம், குழாய், பல்சக்கரம் எல்லாம் காற்றிலிருந்து முளைப்பதுபோல் வளரும். உங்கள் நாயகி இந்தப் பட்டறையில் வேலை செய்தால் எத்தனை அழகாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வாயு மிகக் கொடிய நஞ்சும்கூட. சுவாசித்தவருக்கு முதலில் தலைவலி, குமட்டல். பிறகு தெளிந்துவிட்டதுபோல் இருக்கும். பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கும் மேல் கழித்து, நுரையீரல் வீங்கி மூச்சு திணறும். மருத்துவம் தெரிந்தவர், "தலைவலி போயிடுச்சு, நான் வேலைக்குப் போறேன்" என்பவரைத்தான் கட்டிப்போட்டுக் கண்காணிப்பார். வில்லனுக்கும் இது போதும்: ஆக்சிஜன் ஆலையின் கழிவுக் குழாயை வெதுவெதுப்பான நிக்கல் திட்டு வழியாகத் திருப்பிவிட்டால், எந்த ஆயுதமும் இல்லாமல் ஒரு ஊரையே கொல்லலாம்.

தூசியையும் விட்டுவிடாதீர்கள். மிக நுண்ணிய, துருவேறாத இரும்புத்தூள் ஆக்சிஜன் பட்டதும் தானே தீப்பற்றும். சுரங்கத்திலிருந்து வருபவர் உடையில் ஒட்டிய கருந்தூள் வெளியே ஒன்றும் செய்யாது. காற்றடைப்பு அறைக்குள் ஆக்சிஜனைத் திறந்த நொடியில் தோளிலும் முழங்காலிலும் பொறி பறக்கும். எனவே உடையை உள்ளே கொண்டுவரவே கூடாது. அது வெளிச்சுவரோடு ஒட்டியபடி நிற்க, முதுகுப்பக்கக் கதவு வழியாக ஆள் மட்டும் உள்ளே வருவார். 1972-இல் அப்பல்லோ 17-இல் சென்ற ஹாரிசன் ஷ்மிட்டுக்கு நிலாத் தூசியே மூக்கடைப்பையும் எரிச்சலையும் கொடுத்தது. இங்கே தூசி அதைவிட மோசமானது. சமவெளியில் மாங்கனீசும் இருந்தால், ஆண்டுக்கணக்கில் அந்தத் தூளைச் சுவாசிப்பவர்களுக்கு நரம்புத் தளர்ச்சி வரும். 1837-இல் ஜான் கூப்பர் என்ற மருத்துவர், மாங்கனீசு ஆக்சைடு அரைத்த தொழிலாளர்களிடம் கால் பலவீனமும், முன்னே சாய்ந்து தள்ளாடும் நடையும், தேய்ந்த குரலும் இருந்ததைப் பதிவு செய்தார். பழைய சுரங்கத் தொழிலாளியை நடையாலேயே அடையாளம் காட்ட முடியும்.

பச்சை அமில மழையை விட்டுவிடாதீர்கள், அது உங்கள் கதையின் உயிர். கந்தக அமிலம் இரும்பின் மீது விழுந்தால் பச்சை நிற அன்னபேதியாக (இரும்பு சல்பேட்) மாறும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மழையே பச்சையாக இருக்க வேண்டியதில்லை. மழை நின்ற பின் தரையில் பச்சைப் படிகம் பூத்திருக்கும், அதுதான் சரி. இரும்பு அமிலத்தைத் தின்றுகொண்டே இருப்பதால், எரிமலைகள் கந்தகத்தைத் தொடர்ந்து கக்கும் ஒரு பகுதியில் மட்டும் மழையை வையுங்கள். வறண்ட கோளில் ஹைட்ரஜன் உள்ள ஒரே பொருள் அந்த மழை. அதைத் தொட்டிகளில் பிடித்து, சூடாக்கிப் பிரித்தால் தண்ணீர். இரும்போடு சேரவிட்டால் ஹைட்ரஜன். அமில மழை வரும்போது மற்ற கதைகளில் மக்கள் ஓடி ஒளிவார்கள். கரும்பொன்னில் தொட்டி தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது, சோறு. ஒளி, கார்பன், நைட்ரஜன், நீர் எல்லாம் கிடைத்தாலும் பயிருக்குப் பாஸ்பரஸ் வேண்டும். இரும்பு ஆக்சைடு மிகுந்த மண் பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. நிக்கலும் குரோமியமும் மிகுந்த நிலத்தில் எப்படிப்பட்ட செடிகள் வளரும் என்பதைப் பூமியிலேயே செர்ப்பன்டைன் பாறை மண்ணில் பார்க்கலாம்: கால்சியம் குறைந்து, குட்டை குட்டையாக, சில இனங்கள் மட்டும். நியூ கலிடோனியாவில் பிக்னாண்ட்ரா அக்யுமினாட்டா என்ற மரத்தைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்தப் பாலின் உலர்ந்த எடையில் கால் பங்கு நிக்கல். அப்படி ஒரு மரத்தைக் குடியேறியவர்கள் கொண்டுவந்து, மண்ணிலுள்ள நிக்கலை உறிஞ்சவைக்கப் பண்ணையோரம் நட்டிருக்கலாம். ஆனால் முதல் சில தலைமுறைகள் தரையைத் தொடாமல் தொட்டிகளில்தான் பயிரிடுவார்கள்.

பாஸ்பரஸ் எங்கிருந்து வரும்? இங்கேதான் உங்கள் சுரங்கத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது. இரும்பு விண்கற்களுக்குள் ஷ்ரைபர்சைட் என்ற கனிமம் சிறு கீற்றுகளாக இருக்கும். இரும்பும் நிக்கலும் பாஸ்பரஸும் சேர்ந்த பொருள் அது. கரும்பொன்னில் கைக்கெட்டும் பாஸ்பரஸ் அதிலேயே அடைபட்டிருக்கட்டும். 1870-களின் இறுதியில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸும் பெர்சி கில்கிறிஸ்டும் எஃகு உலைக்குச் சுண்ணாம்புத் தன்மையுள்ள உட்பூச்சு கொடுத்து, இரும்பிலிருந்த பாஸ்பரஸைக் கசடில் ஏறவைத்தார்கள். நல்ல எஃகுக்காகச் செய்த அந்த வேலையில் மிஞ்சிய கசடை அரைத்து ஐரோப்பாவில் உரமாக விற்றார்கள். கரும்பொன்னில் இந்தக் கணக்கு மாறிவிடும். அவர்கள் உலையில் டன் டன்னாக இரும்பை உருக்குவது கசடுக்காக. சில கிலோ பாஸ்பரஸை எடுத்துக்கொண்டு, தூய எஃகைக் கழிவாக ஊருக்கு வெளியே கொட்டுவார்கள்.

ஒரு மனித உடலில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. ஆகவே கரும்பொன்னில் யாரையும் புதைக்க மாட்டார்கள், எரித்துச் சாம்பலை வீசவும் மாட்டார்கள். இறந்தவர் பண்ணைக்கே திரும்புவார். பிள்ளை பிறக்க அனுமதி கேட்கும்போது பாஸ்பரஸ் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பேரேட்டை வைத்திருப்பவருக்கு ஊரில் யாருக்கும் இல்லாத அதிகாரம் இருக்கும். உங்கள் கதையின் அரசியலை அங்கே கொண்டுபோய் வையுங்கள். சுரங்க முதலாளியைவிட அவர் ஆழமான பாத்திரமாக வருவார்.

பூமிக்கு உலோகம் அனுப்புவதை முழுவதும் எடுத்துவிடுங்கள். கரும்பொன்னை விட்டு வெளியேற வினாடிக்கு சுமார் 9.3 கி.மீ. வேகம் வேண்டும். சுமார் 220 கி.மீ. அகலமுள்ள சைக்கி போன்ற சிறுகோளிலிருந்து உலோகத்தை எடுப்பது அதைவிட எத்தனையோ எளிது. 2023 அக்டோபரில் புறப்பட்ட விண்கலம் ஒன்று 2029-இல் அங்கே போய்ச் சேரவிருக்கிறது. வசதியான இடங்களில் உலோகம் இருக்கும்போது விண்மீன் தாண்டி யாரும் இரும்பு வாங்க மாட்டார்கள். குடியேறியவர்கள் அங்கே இருப்பதற்கு வேறு காரணம் கொடுங்கள். அவர்கள் கப்பல் அதற்கு மேல் போக முடியாத நிலையில் இறங்கியது என்பதே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

காந்தப்புலம் பற்றி ஒரு வார்த்தை. உள்ளகம் பெரிதாக இருப்பதால் மட்டும் காந்தப்புலம் வலுப்பதில்லை. உருகிய உலோகம் உள்ளே புரண்டுகொண்டிருக்க வேண்டும். புதனின் புலம் பூமியுடையதில் ஒரு சதவீத அளவுதான். கரும்பொன்னில் புலம் இருந்தாலும் இரும்புத் திட்டுகள் நடுவே திசைகாட்டி பயன்படாது. விண்மீன்களைப் பார்த்தே வழி காண்பார்கள்.

கடைசியாக, இரும்பு வீடு. வெறும் இரும்புச் சுவர், எரிமலைப் பாறையைவிடப் பல பத்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இரவில் வீட்டுச் சூடு முழுக்க வெளியே போய்விடும். பாஸ்பரஸ் எடுத்து முடித்த கசடை உருக்கி இழையாக நூற்றால் கம்பளி போன்ற காப்புப் பொருள் கிடைக்கும். பூமியிலும் கசடுக் கம்பளி உண்டு. வெளியே எஃகுத் தகடு, உள்ளே ஒரு முழ அகலத்துக்குக் கசடுக் கம்பளி, அதற்கும் உள்ளே வாழும் அறை என்று அமையுங்கள். எஃகு சூழ்ந்த அறைக்குள் வானொலி அலை வராது என்பதால், வீட்டுக்கு வீடு கம்பித் தொலைபேசிதான். அறைக்குள்ளிருந்து உங்கள் நாயகி சுரங்கத்தில் இருப்பவர்களிடம் கையடக்கக் கருவியில் பேசும் அந்த இரண்டாம் அத்தியாயக் காட்சியை மட்டும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.